ஜனவரிக்கு இடமில்லை

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்வீட்லின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

புது வருஷத்துக்கு லீவு கிடைக்காததும் நல்லதாகத்தான் போயிற்று. வேலப்பன்சாவடியில் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஏழு வருட ரிப்போர்ட்டும் கம்ப்யூட்டர் டேட்டாபேஸில் ஒரே டேபிளில் குவிந்து, ஒன்றைத் தேடவே நிமிடக்கணக்கில் ஆனது. டிசம்பரில் அதை வருடத்துக்கு ஒரு பார்ட்டிஷனாக, தனித்தனி அறை மாதிரி, பிரித்தேன். கேட்ட வருடத்தில் மட்டும் தேடுவதால் நொடியில் வந்தது. மேனேஜரே பாராட்டினார்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் ஒரு பெயர்கூடப் பதிவாகவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒன்பது பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். கவுன்டரில் இருக்கும் பார்வதம் அக்கா, "இன்னாம்மா, பழைய ஆளுங்களுக்கெல்லாம் எடம் கீது, இன்னிக்கு வந்தவங்களுக்கு இல்லியா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. போன வருடங்களையெல்லாம் பிரித்த நான், வரப்போகும் வருடத்துக்குப் பார்ட்டிஷன் போடவே இல்லை. பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன், கவலைப்படாதீர்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கும் சேர்த்தே போட்டாயிற்று.

தம்பி ஜெர்வின் இன்டர்வியூவுக்கு வரும்போது எலுமிச்சை ஊறுகாயும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள். புதுப் போர்வை வேண்டாம்.

பார்வதம் அக்கா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். என் அலமாரியில் ஜெர்வினின் புத்தகங்களை அடுக்கிவிட்டதாகச் சொன்னீர்களே, பரவாயில்லை. ஒரு தட்டை மட்டும் இப்போதே காலி செய்து வையுங்கள். ஈஸ்டருக்கு நான் வருவேன்.

உங்கள் மகள்,
ஸ்வீட்லின்