கல்கத்தா பூட்ஸ்

அடுகோடி, பெங்களூர், 1944

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

அம்மா வீட்டில் கட்டிய பெட்டியைப் பிரித்துவிடு, கண்ணைத் துடைத்துக்கொள். நாம் கல்கத்தா போகவில்லை.

நேற்று இத்தாலியப் போர்க்கைதிகளோடு ஃபுட்பால் ஆட்டம். என்னைத் தன் அணிக்கு அழைத்துப்போக வந்த கல்கத்தா கிளப்காரர் ஆசையாய்ப் பூட்ஸ் வாங்கி வந்திருந்தார். இத்தனை வருஷம் நம் கிளப்புக்கு வெறுங்காலோடு கோலுக்கு முன் நின்று தடுக்கும் பேக் ஆடியவன், அதைப் போட்டுக்கொண்டு சறுக்கிச் சறுக்கி விழுந்தேன். இரண்டு கோல் போனது. இடைவேளையிலேயே அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். ஒருத்தனும் என்னைத் தாண்டவில்லை, நாம்தான் ஜெயித்தோம்.

“பாழாப்போன பூட்ஸால உன் சான்ஸே போச்சேப்பா!” என்று நம் கேப்டன் டென்சில் அழாத குறை. நானும் சேர்ந்து பூட்ஸைத் திட்டினேன்.

இத்தாலியர்களின் பேக், போர் வரும்வரை, யார் கூப்பிட்டும் போகாமல், தன் ஊரில் ஒரே கிளப்புக்கு ஆடியவனாம். கைகுலுக்கும்போது என் வெறுங்காலைப் பார்த்துக் கண்ணடித்தான்.

உன் அம்மா கேட்டால், நீயும் பூட்ஸையே திட்டு.

இங்கேயே இருக்கப்போகும்,
உன் வீட்டுக்காரன்