நீ அழுத்திவிட்டுப் போன விரல்

என் அருமை அண்ணா, அழுத்தக்காரா,

இந்தக் கடிதத்தை அம்மா படிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் பேச்சோடு சரி, எழுத்தெல்லாம் தெலுங்குதான். அந்தத் தைரியத்தில்தான் ஊரறிய எழுதுகிறேன்.

நீ போவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் போர்வைக்குள்ளே என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து அழுத்தினாயே, அதை அம்மாவிடம் சொன்னேன். "எல்லாருக்கும் சேத்துதான்டி உங்கிட்ட போய்ட்டு வர்றேன்னு சொல்லிருக்கான்" என்று அழுதாள். அன்றிலிருந்து ஜெபம் முடிந்ததும் அந்த விரலை எடுத்து முத்தமிடுகிறாள். அந்த ஒரு பிடியை நினைத்துத்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது.

அதே விரலுக்கு நீ செய்த உபகாரத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? குஷாய்குடா ஃபேக்டரி வேலை உனக்குச் சம்பளத்துக்கு, ரிமோட் கார் பந்தயம்தான் உயிர். போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் குடோன் முற்றத்தில், முட்டைக்கோஸ் இலைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஞாயிறுதோறும் ஓட்டுவீர்கள். மோட்டாரில் மாட்டும் குட்டிப் பல்சக்கரத்தை மாற்றிக்கொண்டே இருப்பாய். பல் கூடினால் வேகம் கூடும், மோட்டாரும் கொதிக்கும். அந்தக் கொதிப்பைப் பார்க்க உனக்குக் கிடைத்த தெர்மாமீட்டர் என் விரல்.

"வை ரீட்டா. விரல் நின்னா பல்லு சரி. இழுத்துக்கிட்டா ஜாஸ்தி."

"உன் விரலை வச்சா என்னவாம்?"

"நக்கோ, வேணாம், எனக்கு சால்டரிங் வேலை இருக்கு."

இருபத்துமூன்று பல் போட்ட அன்று தோல் உரிந்து மோட்டாரில் ஒட்டிக்கொண்டது. நீ பர்னால் தேடவில்லை. "ஹவ், ஆமா, இந்த கிரவுண்டுக்கு இது ஆகாது" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றப் போனாய். தழும்பு இன்னும் இருக்கிறது.

உன் கூட்டாளி டேனியை நினைவிருக்கிறதா? மறக்கிற ஆளா நீ! ஹைடெக் சிட்டி வேலை, ஆன்சைட் போய்வந்த ஜம்பம், பெட்டி நிறைய அமெரிக்கச் சாமான். இருந்தும் ஒரு ஞாயிறுகூட உன்னை முந்தியதில்லை. உன் கல்லீரல் கைவிட்டது என்று தெரிந்ததும் சாத்துக்குடியோடு ஓடிவந்தான். உன் காதருகே குனிந்து, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "மச்சி, அந்த செட்டிங் மட்டும் சொல்லிடேன்" என்றானே, அவனை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

நீ சொன்னாய். பின்பக்க ஸ்பிரிங் மிருதுவாக, முன்பக்கம் ஒரு பிடி கெட்டியாக, ஷாக் அப்சார்பரில் இன்ன எண்ணெய் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். பல் எண்ணிக்கையைச் சொல்லும்போதுதான் என் விரலை அழுத்தினாய். அந்த எண் என் காதில் எங்கே விழுந்தது? நீ பிடித்த பிடியில் அழுதுகொண்டிருந்தேன். "யாருக்கும் காட்டாத, ரேஸ்லயே போடு" என்பதுதான் உன் கடைசிப் பேச்சு. கட்டில் கால்மாட்டில் கஞ்சி டம்ளரோடு நின்ற அம்மாவின் பக்கம் நீ திரும்பவே இல்லை. மறுநாள் நீ இல்லை.

போன ஞாயிறு உன் பெயரில் கோப்பை வைத்தார்கள். ஏற்பாடு டேனி, ஜெயிக்கக் கச்சை கட்டியவனும் டேனி. உன் நினைவுக்கென்று வழக்கத்தைவிட நீண்ட பந்தயம். அவன் கார் வளைவுகளில் உன் கார் போலவே படுத்து எழுந்து போனது. என் வயிறு எரிந்தது, நீ வளர்த்த நாய் அவன் பின்னால் ஓடுகிற மாதிரி. அம்மா மட்டும் "நம்ம பையன் ஓட்டுற மாதிரியே இருக்குடி" என்று பூரித்துப் போயிருந்தாள்.

கடைசிச் சுற்றுகளில் புகை வந்தது. முதலில் மெல்லிய கோடு, பிறகு கருகல் நாற்றம், அப்புறம் கார் நின்றுவிட்டது. டேனி அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"காய்கூ ரீட்டா, ஏன் இப்படி ஆச்சு? அவன் சொன்ன இருபத்திமூணுதான் போட்டேன், கர்த்தர் சத்தியமா."

இருபத்துமூன்று!

"விரலை வை டேனி, தெரியும்" என்றேன். கூமுட்டை, வைத்தான். அலறிக்கொண்டு கையை உதறினான். எனக்கு வயிறு குளிர்ந்தது அண்ணா, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் மற்றது உறைத்தது. ஸ்பிரிங்கில் உண்மையைச் சொல்லி அவனை நம்பவைத்து, பல்லில் கழுத்தறுத்திருக்கிறாய். அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் தழும்பை அழுத்தினாய். போய்வருகிறேன் என்றா அழுத்தினாய்? கண்ணடிக்க முடியாதவன் விரலால் கண்ணடித்திருக்கிறாய், பாவி. எனக்கென்று ஒன்றும் இல்லையா அதில்? ஒரு துளிகூடவா? பெற்றவளுக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல், இருந்த மூச்சையெல்லாம் டேனியின் மோட்டாரை எரிக்கவா செலவழித்தாய்?

டேனி விரலில் கட்டோடு தினமும் ஃபோன் செய்கிறான், சரியான பல் எத்தனை என்று. எனக்குத் தெரியும். என் விரல் நிம்மதியாக நின்ற எண் அது. இங்கே எழுத மாட்டேன், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் யாராவது படித்துக் காட்டுவார்கள்.

இப்போதும் அம்மா ஜெபத்தை முடித்துவிட்டு என் கைக்காகக் காத்திருக்கிறாள். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இந்த ஜென்மத்தில் ஆறாது. ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன்: அவள் உயிரோடு இருக்கும்வரை தினமும் இந்த விரலை நீட்டுவேன், நீ அவளுக்குச் சொல்லாமல் போனதை என் விரல் சொல்லிக்கொண்டிருக்கும்.

தழும்போடு,
உன் ஒரே தங்கை
ரீட்டா