கண்ணாடியில் இருந்த கோடு

வியாழன் இரவு, கேம்ப்.

சோதனைப் போர்விமானத்தில் பைலட்டின் தலையையும் முன்பக்கத்தையும் மூடும் கண்ணாடி மூடியைத் துடைப்பது என் டியூட்டி. இன்று அதில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அழுக்கென்று அழித்துவிட்டேன்.

ஏறி உட்கார்ந்த பைலட் கோட்டைத் தேடினார். சூப்பர்வைசர் செல்வம் அண்ணன் பதறிவிட்டார்.

"டேய், அது அவரு போட்ட அளவுடா! விமானத்து மூக்க எம்புட்டுத் தூக்கலாம்னு அந்தக் கோட்ட அடிவானத்தோட சேத்து வச்சுத்தான் பாப்பாரு."

பைலட் திட்டவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் புதிதாகப் போட்டுக்கொண்டு பறந்தார். இறங்கி வந்ததும் அதைத் தானே அழித்து, ஒரு விரற்கடை கீழே போட்டார். "கலாஸ்", முடிந்தது என்று சிரித்தார்.

நாளை காலை மறுபடி பறக்கிறார். நான் அழித்த கோடு இப்போதுள்ள கோட்டுக்கு மேலே இருந்ததா, கீழேயா? துடைத்த கைக்கே ஞாபகமில்லை.