கிளுவைகளுக்கு வக்கீல்

அத்தா,

இந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தன. பெருநாள் காலையில் அம்மா ஜன்னலைத் திறந்ததும் தெருவில் தங்கியிருந்த வெடிமருந்து வாசனை உள்ளே வந்தது. போன மாசி மாதம் உப்பளத்துக் கரையில் நாம் நின்றபோதும் இதே வாசனைதான்.

வடக்கே மகாராஷ்டிரத்தில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் காட்டிய மறுநாளே உங்கள் கோழிக்கறிக் கடையில் ஆள் இல்லை. ஆனாலும் தினமும் திறந்தீர்கள். "கோழிக்குச் சளி புடிச்சா மரக்காணத்துல எனக்குத் தும்மல் வருது பாரு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் கழுவெளி ஏரியிலிருந்து வரும் ஓடையில், உப்பளம் தொடங்கும் இடத்தில், குளிர்காலத்துக்கு வந்து போகும் கிளுவை வாத்துகள் சில செத்து மிதந்தன. கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் முகமூடியும் கையுறையுமாக வந்து அவற்றைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். ரிசல்ட் வர நாளாகும் என்றார்கள். கடைத்தெருவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அந்தப் பறவைகளைப் பற்றி நீங்கள் எப்போதும் துபாய்க்காரர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவீர்கள். "குளிர் நாட்டுலேர்ந்து பொழைக்க வந்திருக்கானுங்க. விசாவும் கிடையாது, மெடிக்கலும் கிடையாது. குடுத்து வச்சவனுங்க." துபாய் வேலைக்குக் கிளம்பிய உங்களை மட்டும் மெடிக்கலில் படம் பிடித்து, நுரையீரலில் ஏதோ நிழல் என்று சொல்லி, 'அன்ஃபிட்' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் கறிக்கடை வைத்தீர்கள்.

கடைக்காரர்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்த சாயங்காலம் நினைவிருக்கிறது. கோயில் திருவிழாவில் மீந்த வெடிகளை ஏரிக்கரையில் கொளுத்திப் பறவைகளை ஒரேயடியாக விரட்டிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். அதிகம் நட்டப்பட்டவர் நீங்கள். உங்கள் சம்மதமும் இருந்தால் நல்லது என்று கேட்க வந்தார்கள். நீங்கள் எழுந்து உள்ளே வந்து, திரைக்குப் பின்னால் நின்ற என்னிடம் கேட்டீர்கள்.

"நீதானே ஜுவாலஜி படிச்சவ. உண்மையச் சொல்லு புள்ள. இதுங்க நோயக் கொண்டாருமா?"

இல்லை என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் நீங்கள் உண்மையைக் கேட்டீர்கள். படித்ததை மெல்லிய குரலில் சொன்னேன். காட்டு வாத்துகளின் குடலில் இந்தக் காய்ச்சல் கிருமியின் சாதுவான வகைகள் காலகாலமாக இருக்கின்றன. பெரும்பாலும் வாத்துகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கிருமி எச்சம் வழியாகத் தண்ணீரில் கலந்து அடுத்த பறவைக்குப் போகும். அது நெரிசலான கோழிப் பண்ணைகளுக்குள் புகுந்து கொடியதாக மாறி, திரும்பவும் காட்டுப் பறவைகளுக்கு வரும்போது அவையும் தாங்குவதில்லை. கழுத்து திருகிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றும். எழுந்து பறக்க முடியாது. "கொண்டு வரலாம் அத்தா. வராமலும் இருக்கலாம். ஆனா நோய் இருந்துச்சுன்னா, விரட்டினா இன்னும் பல ஏரிக்குப் போயிடும்."

நீங்கள் வாசலுக்குப் போய், தெருமுனை வரை கேட்கும் குரலில் ஆரம்பித்தீர்கள். "எம்பொண்ணு சொல்றா..."

நான் சொன்ன ஒன்றையும் விடவில்லை. 'கொண்டு வரலாம்' என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் நீங்களாக ஒன்று சேர்த்தீர்கள். "டெஸ்ட்டு வர்றதுக்கு முன்னாடி அன்ஃபிட்டுனு சீல் குத்தாதீங்கப்பா."

"ஏன் பாய், கோழிக்கடைக்காரர் எப்ப கிளுவைக்கு வக்கீலானீங்க?" என்றார் மளிகைக்கடைக்காரர். "ஃபீஸு எவ்ளோ?"

"எம்பொண்ணைத்தான் கேக்கணும். கேஸு அவளுது."

எல்லாரும் சிரித்தார்கள். பார்க்கலாம் என்று எழுந்து போனார்கள். அடுத்த நாள் பொழுது சாயும்போது ஏரிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. நீங்கள் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. தண்ணீரில் பறவை இல்லை. மிரண்டு எழுந்து மின்கம்பியில் மோதியவை கரையோரம் கிடந்தன. ஓர் ஊசிவால் வாத்து மட்டும் ஆழமில்லாத தண்ணீரில் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, சுற்றிச் சுற்றி வந்தது. தலையில் அடிபட்டதா, நோயா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் அப்படிச் சுற்றும்.

நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டினீர்கள். நான் உங்கள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்க அத்தா."

"துடிக்குதும்மா. எனக்கு ஒரு நிமிஷ வேலை."

"வேணாம் அத்தா."

அறுப்பதே தொழிலாக இருந்த நீங்கள், கையைக் கட்டிக்கொண்டு அது அடங்கும் வரை நின்றீர்கள். திரும்பி வரும் வழியில் பிரம்மதேசம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, அப்போதும் நீங்கள் ஒதுங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

ரிசல்ட் வெகு நாள் கழித்து வந்தது. கிளுவைகளுக்குப் பறவைக் காய்ச்சல் இல்லை என்றார்கள். எதனால் செத்தன என்று யாரும் சொல்லவில்லை. நான் ஓடி வந்து சொன்னபோது கறிக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஃபிட்டுனு சொல்லிட்டானுங்களா," என்றீர்கள். "ஆளத்தான் காணோம்."

ஆடி மாதத்தில் உங்கள் இருமல் அதிகமானது. அந்த நிழல் இத்தனை வருஷமும் உள்ளேயே இருந்திருக்கிறது. நோன்பு தொடங்கும் முன்பே உங்களைக் கபர்ஸ்தானில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

மழை பெய்து ஓடை நிறைந்திருக்கிறது. பறவைகள் வரத் தொடங்கிவிட்டன, போன வருஷத்தைவிடக் குறைவாக. நேற்று மளிகைக்கடைக்காரர் இன்னும் இரண்டு பேரோடு நம் வாசலில் வந்து நின்றார். தீபாவளி வெடி கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

"பாய் இருந்தா அவரைக் கேட்டிருப்போம். நீ சொல்லும்மா. இந்த வருஷம் எப்படி?"

சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். செத்த பறவையைத் தொடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புங்கள், உயிரோடு இருப்பதை விரட்டாதீர்கள். ஆனால் அதைத் தெருமுனை வரை கேட்கும்படி சொல்ல நீங்கள் இல்லை. அம்மா உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையை விலக்கி வாசலுக்கு வந்து நின்றேன்.

"எங்க அத்தா சொல்லுவாங்க..." என்று ஆரம்பித்தேன்.

நான் சொன்னவற்றில் ஒன்றுகூட நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அப்படித் தொடங்கினால்தான் எனக்குக் குரல் வருகிறது, அத்தா.