விலகல் படிவம்

ஆல்டர் கிரீக், நெப்ராஸ்கா
ஏப்ரல் 9

அன்புள்ள டெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுவது. அலாஸ்காவில் பனி விட்டதா? மருத்துவமனையில் உதவியாளர் வேலை எப்படிப் போகிறது? இங்கே போன வாரம் ஆலங்கட்டி மழையில் மாட்டுக்கொட்டகைக் கூரை பிய்ந்துவிட்டது. காப்பீட்டுக்காரன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது புதிதும் இல்லை.

செவிலியர் கல்லூரி உன்னை இரண்டாவது முறையும் எடுக்கவில்லை என்று உன் ஜானிஸ் சித்தி சொன்னாள். வேதியியலை மறுபடி படித்து முதல் மதிப்பெண் வாங்கியும், பதினாறு வயதில் விழுந்த அந்தத் தோல்வியையும் சேர்த்துத்தான் சராசரி பார்க்கிறார்களாமே. நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வழக்கம்போல் பெவர்லி ஆஸ்ட்மனைத் திட்டியிருப்பேன்.

எட்டு வருடமாக நான் அந்த அம்மாளிடம் பேசியதில்லை. உன் பள்ளியில் மாணவர் ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, பள்ளியில் படிக்கும்போதே உன்னைக் கல்லூரி வேதியியல் வகுப்பில் சேர்த்துவிட்டு, அதிலிருந்து விலகும் தேதியைக் கோட்டைவிட்டவள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். மாதா கோயிலில் அவள் உட்கார்ந்த பக்கம்கூட உட்கார்ந்ததில்லை.

போன சனிக்கிழமை பழைய பிக்கப் வண்டியை விற்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் மறைப்பைக் கீழே இழுத்தபோது ஒரு காகிதம் மடியில் விழுந்தது. கல்லூரியின் விலகல் படிவம். உன் கையெழுத்து இருந்தது. பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் "அப்பா, இங்க" என்று எழுதியிருந்தாய்.

துடைப்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த இலையுதிர்காலத்தில் வாரம் மூன்று நாள் காலையில் அம்மாவை டயாலிசிஸுக்கு நீ ஓட்டிக்கொண்டு போனாய். வேதியியல் வகுப்பும் அதே மூன்று காலைகளில். ஓட்டியிருக்க வேண்டியவன் நான். ஆனால் விடுப்புக் கேட்க வேண்டுமென்றால் மண் ஆய்வு அலுவலகத்தில் என் மேலதிகாரி கேரியிடம் கேட்க வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், என் பட்டத்தில் பாதிகூட இல்லாதவன், எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நிற்க என் மண்டைக்கனம் இடம் கொடுக்கவில்லை.

சோளக் காட்டில் பரிசோதனைக்கு மண் எடுத்துக்கொண்டிருந்தபோது நீ படிவத்தோடு வந்தாய். "இருபத்தெட்டாம் தேதிக்குள்ள குடுக்கணும்ப்பா" என்றாய். "நம்ம வீட்ல யாரும் எதையும் பாதியில விட்டதில்ல, பாப்போம்" என்று சொல்லி மறைப்பில் செருகினேன். அதன் பிறகு இரண்டு முறை கேட்டாய். மூன்றாவது முறை கேட்கவில்லை.

பள்ளி உன் நிலைமை தெரிந்து தேர்ச்சி போட்டது. விலகல் படிவம் வராததால் அதே வகுப்புக்குக் கல்லூரி தோல்வி போட்டது. பள்ளிச் சான்றிதழில் தேர்ச்சி என்று இருந்தால் போதாதா, பள்ளிப் பிள்ளையின் கல்லூரி மதிப்பெண்ணை யார் பார்க்கப் போகிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். படித்தவன் பேசுகிற பேச்சா அது?

ஞாயிற்றுக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு பெவர்லி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "அடேயப்பா, லேலண்ட் நோவாக்! யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் ரெண்டு தடவ ஃபோன் பண்ணேன் லேலண்ட். 'என் பொண்ணு விஷயத்துல மூக்க நுழைக்காதீங்க'ன்னு வெச்சிட்டீங்க" என்றாள். அது எனக்கு ஞாபகம் இருந்தது. அடுத்து அவள் சொன்னதுதான் தெரியாது.

"கடைசி நாள் அன்னிக்கு டெஸ்ஸாவக் கூப்பிட்டுக் கேட்டேன். 'அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார் மேடம், நான்தான் தொலைச்சிட்டேன்'னா. வேற படிவம் தர்றேன்னேன். வேணாம்னுட்டா. திரும்ப உங்ககிட்ட வந்து நிக்க வேணாம்னு நெனச்சிருப்பா போல."

பதினாறு வயதில் என் மானத்தை நீ காப்பாற்றியிருக்கிறாய். நான் அதை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வாய் வராது. அம்மா சாவதற்கு முந்தின மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான பிள்ளைக்கு அந்தப் பாடம் போச்சு" என்று அழுதாள். இல்லை, என்னால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இதற்கு எந்தப் படிவமும் கிடையாது.

மருத்துவக் காரணம் காட்டி, பழைய மதிப்பெண்ணை விலகல் என்று மாற்றக் கேட்டு மனுச் செய்ய வழி இருக்கிறதாம். எட்டு வருடம் கழித்து ஏற்பார்களா என்பது உறுதியில்லை என்று பெவர்லி சொல்கிறாள். ஆனாலும் அவளே உட்கார்ந்து மனுவைத் தயார்செய்தாள். நடந்ததை நான் தனித்தாளில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மாவின் மருத்துவமனைக் காகிதங்களும் இதோடு இருக்கின்றன. மனுவில் உன் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருக்கிறது. போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நான் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன், நீ எத்தனை முறை வேண்டுமானாலும் மறுக்கலாம்.

பழைய படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நீ போட்ட பெருக்கல் குறியின் மேலேயே, இன்றைய தேதியோடு, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது யாருக்கும் செல்லாது என்று தெரியும். நீ பார்த்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், மகளே. நீ தொட்டுப் பார்க்கிற நோயாளிகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.

உன் அப்பா,
லேலண்ட்