நாணயத்தில் இருக்கும் முதுகு

ஆல்டர் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா
மே 18, வெள்ளி

அன்புத் தம்பி கர்ட்டிஸுக்கு வெர்னா அக்கா எழுதுவது.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் நான் கதை கட்டுகிறேன் என்று சொல்லக்கூடாது. ஷெரிஃப் ராய்ஸ் மெக்நீலி, அவர் மனைவி. கவுண்டி நிர்வாகக் கமிஷனர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். பாஸ்டர் டோலிவர். சீருடையில் காவலர்கள் பதினொரு பேர். பணியில் உயிர்விட்ட நான்கு பேருடைய குடும்பத்தார் பத்தொன்பது பேர், முதல் இரண்டு பெஞ்சுகளில். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி. உனக்குப் பதிலாக உன் அம்மா இமோஜீன். பின்கட்டுச் சமையலறையில் எங்கள் சபைப் பெண்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் நான்.

நான் சுகமாக இருக்கிறேன். ஏப்ரலில் முழங்கால் வலி வந்தது, போய்விட்டது. உருளைக்கிழங்கு எட்டு வரிசை போட்டிருக்கிறேன். என் டெல்பெர்ட் உயிரோடு இருந்தபோது பன்னிரண்டு. மகள் லீடாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அரிசோனாவில் இப்போதே வெயில் கொளுத்துவதாக உன் அம்மா சொன்னார். தலையில் எதையாவது போட்டுக்கொண்டு வெளியே போ. செப்டம்பரில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்று எழுதினேன். இரண்டும் திரும்பி வரவில்லை. ஆகவே உன் கைக்குக் கிடைத்தன என்றே வைத்திருக்கிறேன்.

காவலர்களைக் கௌரவிக்க நினைவு நாணயம் வெளியிடப் போகிறார்கள் என்று பிப்ரவரியிலிருந்தே பேச்சு. ஐந்நூறு அடித்திருக்கிறார்கள். உள்ளங்கை அகலம், பித்தளை நிறம். ஒரு பக்கம் நட்சத்திரம், அதைச் சுற்றி நான்கு பெயர்கள். குடும்பத்துக்கு ஒன்று வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மீதி விலைக்கு. அந்தப் பணத்தில் கோர்ட்டு வாசலில் கல் நட்டு, அந்த நான்கு பெயர்களையே செதுக்கப் போகிறார்களாம். மறுபக்கம் என்ன படம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் பீன்ஸ் வேகவைக்கவும் சோளரொட்டி சுடவும் போனவர்கள்தானே.

பெயர்களை வாசித்தபோது நான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நான்குதான். ஐந்தாவது இருக்காது என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் காது காத்திருந்தது. பிறகு குழாயைத் திறந்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் ஷெரிஃப் சமையலறைக்கு வந்தார். அவர்களுடைய வழக்கம் உனக்குத் தெரியும்: நாணயத்தை நீட்டிக் கொடுப்பதில்லை, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கைகுலுக்கும்போது கைமாற்றிவிடுவது. என் கையில் ரொட்டி மாவு. துடைக்கவும் விடாமல் பிடித்துக் குலுக்கினார். "வெர்னா, உன் பீன்ஸுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு! ரெண்டு தட்டு சாப்பிட்டேன், பெல்ட்டு இறுக்குது" என்றார். சபைப் பெண்கள் சிரித்தார்கள். கையைத் திறந்தேன். பீன்ஸுக்காக எனக்கு ஒரு நாணயம்.

திருப்பிப் பார்த்தேன். வெள்ளம். கூரை மட்டும் தெரியும் வீடு. படகு. படகின் முனையில் நீ, கர்ட்டிஸ். முகம் அப்படியே உன் முகம். மூக்கில் இருக்கும் அந்த மேடு கூட விடாமல் அடித்திருக்கிறார்கள். உனக்கு எதிரே ஒரு மனிதர், துடுப்போடு, முதுகைக் காட்டிக்கொண்டு. இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. முதுகில் குறுக்காக ஒரு பட்டை.

அந்தப் பட்டை சீருடையில் இல்லாதது. மூன்று வருடம் முன்பு முள்கம்பி கிழித்த டெல்பெர்ட்டின் மழைக்கோட்டில் நான் ஒட்டுப்போட்டுத் தைத்தது அது. கருப்புத் துணி கிடைக்காமல் பழைய கூடாரத்துணியில் வெட்டினேன். நாணயம் வரைந்தவர் அதை ஏதோ வார் என்று நினைத்து, ஓரங்களை நேராக்கி, அழகாக அடித்துவைத்திருக்கிறார். நான் தைத்தது அவ்வளவு நேராக இல்லை.

பத்திரிகையில் வந்த புகைப்படத்தைப் பார்த்து அடித்தார்களாம். போன ஜூலை 15 சனிக்கிழமை எடுத்த படம். ஷெரிஃப் அலுவலக ஏட்டில் அந்தச் சனிக்கிழமை டெல்பெர்ட் மருத்துவ விடுப்பு. இதய சிகிச்சை முடிந்து முப்பத்தெட்டாம் நாள்.

"இது யாரு ராய்ஸ்?" என்று கேட்டேன்.

"நம்ம கர்ட்டிஸ்தான். நல்லா வந்திருக்கான்ல?"

"எதிர்ல துடுப்பு போடுறவர்?"

"அதுவா... தீயணைப்புல வந்த தன்னார்வலர் யாரோ."

"அந்தக் கோட்டைத் தைச்சவ நான்" என்றேன்.

அவர் சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு, "படம் பொடிசு வெர்னா. முதுகுன்னு பார்த்தா எல்லா முதுகும் ஒண்ணுதான்" என்றார்.

தம்பி, எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தாலும் ஜெபத்தில் இறக்கிவைத்துவிடுவேன். அன்று முடியவில்லை. "முப்பத்தொரு வருஷம் அவர் வேலைக்குப் போறப்ப வாசல்ல நின்னு பார்த்தவ நான். முகத்தைவிட எனக்கு முதுகுதான் மனப்பாடம்" என்று சொல்லிவிட்டேன். ஷெரிஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரொட்டி மிச்சமிருந்தால் காவலர்களுக்குக் கட்டிக் கொடுக்கச் சொன்னார். போய்விட்டார்.

உன் அம்மாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து, "ஏன்டி வெர்னா, நல்ல நாள்ல எதுக்கு இந்தப் பேச்சு? என் பிள்ளை முகத்தை நாணயத்துல போட்டது உனக்குப் பொறுக்கலையா?" என்றார். நான் இல்லை என்றேன். "உன் வீட்டுக்காரர் வீட்டுல, நாற்காலியில உக்காந்து போய்ச் சேர்ந்தாரு. பாவம்தான். அதுக்கு ஊரு காசு அடிக்குமா? அப்படிப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் பேரையும்தான் போடணும், அவரு தூங்கறப்பவே போனாரு" என்றார். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சோளரொட்டியை முப்பத்திரண்டு துண்டுகளாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வீடு வந்தேன்.

மறுநாள் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா டீனா நல்ல பெண், வெள்ள நாளைப் பற்றிய உன் அறிக்கையை எடுத்துக் காட்டினாள். "நானும் பெயர் தெரியாத தன்னார்வலர் ஒருவரும்" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. நான் எட்டாவது வரைதான் படித்தவள், கர்ட்டிஸ். மீதியை மாவு மூட்டையையும் மருந்துச் சீட்டையும் வாசித்துக் கற்றுக்கொண்டேன். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். அவரோடு வேலை பார்த்து, எங்கள் வீட்டில் ஒன்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிட்டவனுக்கு அவர் பெயர் தெரியாமல் போயிருக்கிறது.

என் குறிப்பேட்டைக் கொண்டுபோயிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எழுதிவருகிறேன் என்பது உனக்குத் தெரியும். நீதான் அதைக் கேலி செய்வாய், "அக்கா, நான் எத்தனை பிஸ்கட் தின்னேன்னு கூட எழுதிட்டீங்களா" என்று. ஜூலை 15 பக்கத்தில் இருப்பது இது: காலை 6.40, ராய்ஸ் தொலைபேசி. 6.55, டெ. கிளம்பினார். மழைக்கோட்டு, காலுறை மூன்று ஜோடி, முட்டை ரொட்டி நான்கு (இரண்டு கர்ட்டிஸுக்கு). மாலை 7.10, திரும்பினார். முழங்கால் வரை சேறு. சாப்பிடவில்லை. ஜூலை 16 பக்கத்தில்: 9.20, சபைக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே அன்று வேறெதுவும் எழுதவில்லை.

டீனா வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் மனைவி எழுதிய குறிப்பு செல்லாதாம். பணி முடிந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இதயம் நின்றால் அதுவும் பணியில் இறந்ததுதான் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஆனால் பணிக்கு வந்தார் என்பதை உடன் இருந்தவர் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் கூரையிலிருந்து இறக்கிய சிம்ஸ் பெரியவர் மார்ச்சில் காலமானார். அவர் மனைவிக்கு இப்போது தன் பெயரே நினைவில்லை. படகில் இருந்தவர்களில் சாட்சி சொல்ல மிச்சம் நீ ஒருவன்தான்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன மனிதரைக் கூப்பிட்டது வெளியே தெரிந்தால் ராய்ஸால் ஷெரிஃப் பதவிக்கு மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அடக்கத்தன்று நீ எங்கள் சமையலறையில் எல்லாப் பாத்திரங்களையும் கழுவினாய். கழுவினதையே மறுபடி கழுவினாய். "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாய். ராய்ஸ் உள்ளே வந்தார். நீ துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாய். இரண்டு மாதத்தில் உனக்கு ராய்ஸின் பரிந்துரை, பதவி உயர்வோடு அரிசோனாவில் நல்ல வேலை. உன் பிள்ளைகளுக்கு அங்கே நல்ல பள்ளிக்கூடம் என்றார் உன் அம்மா. கர்த்தர் அந்தப் பிள்ளைகளை ஆசீர்வதிக்கட்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பேட்டில் "ராய்ஸ் தொலைபேசி" என்று மட்டும்தான் இருக்கிறது. அந்த அழைப்பை எடுத்தவள் நான். "படகு ஓட்டத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான் வெர்னா, கொஞ்சம் எழுப்பு" என்றார் ராய்ஸ். தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே தூங்கிக்கொண்டுதான் இருந்தார். நான் போய் எழுப்பினேன். எழுப்பி, ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன். ஆகவே உன்மேல் கல்லெறிய என் கை எழாது. நீ ஒரு வரி பொய்யாக எழுதினாய். நான் ஒரு வரி எழுதாமல் விட்டேன். நேற்று அதை எழுதிச் சேர்த்துவிட்டேன்.

நம் ஆண்டவர் ஒருமுறை காசு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இதில் உள்ள உருவம் யாருடையது, பெயர் யாருடையது என்று கேட்டாரே. நான்கு நாளாக அது என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த நாணயத்தில் உருவம் ஒருவருடையது, பெயர் வேறு நால்வருடையது. அந்த நால்வரும் நல்லவர்கள்தான், அவர்களுக்கு ஒன்றும் குறைய வேண்டாம்.

லீடா "விட்டுடும்மா, அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்கிறாள். உண்மைதான், பிடிக்காது. எனக்கு வேண்டும்.

இந்தத் தாளின் அடியில் நாணயத்தை வைத்து, மேலே பென்சிலால் தேய்த்து உருவத்தை எடுத்திருக்கிறேன். பார். நீ யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று பார். எங்கள் எல்லோருக்கும் அவர் முதுகு. உனக்கு மட்டும் முகம். அந்த நிமிடத்தில் அந்த முகம் எப்படி இருந்தது? வலித்ததா? ஏதாவது சொன்னாரா? வீட்டுக்கு வந்தபின் என்னிடம் "குளிருது" என்று மட்டும்தான் சொன்னார். இதை நான் கமிஷனர்களுக்காகக் கேட்கவில்லை.

கமிஷனர்கள் ஜூன் 12-ஆம் தேதி கூடுகிறார்கள். அன்று கல்லுக்கான பெயர்களை முடிவு செய்து செதுக்குபவரிடம் கொடுத்துவிடுவார்கள். படகில் இருந்தது டெல்பெர்ட் ஸ்டால்நேக்கர் என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் டீனா. தபால்தலை ஒட்டி, என் முகவரி எழுதிய உறை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்குச் சமாதானமும், உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் உண்டாகட்டும். அவர்கள் ஒருநாள் இந்த நாணயத்தைக் கையில் எடுத்து, அப்பாவுக்கு எதிரே இருப்பது யார் என்று உன்னைக் கேட்பார்கள். அப்போது அவர் பெயர் உனக்குத் தயக்கமில்லாமல் வாயில் வரட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
வெர்னா ஸ்டால்நேக்கர்

பி.கு.: இங்கிருந்து தபால் போய்ச் சேர ஐந்து நாள், திரும்பி வர ஐந்து நாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.