நான் இல்லாத டீம்

ஜனவரி 12, ஞாயிறு

இன்னைக்கும் எங்க ஹாக்கி டீம் ஜெயிச்சிருச்சு. நான் ஆடின வரைக்கும் இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. முழங்கால்ல அடிபட்டு எங்க ஊரு கொட்டச்சேட்டுக்கு வந்து படுத்த பிறகு ஒண்ணுகூடத் தோக்கல. டி.வி.யில பார்த்தேன். டிபென்ஸ்ல என் இடத்துல நிக்கிற புது ஆளு, பந்து வந்ததும் முன்னால தள்ளி விட்டுடறான். நான் அதை வச்சுக்கிட்டு வித்தை காட்டிட்டு இருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். அது போதும்போல.

காலையில காப்பித் தோட்டத்து மேட்டுல ஓடிப் பார்த்தேன். கால் சரியாயிருச்சு. அம்மா பையில துணிகூட எடுத்து வச்சுட்டாங்க. மேட்ச் முடிஞ்சதும் கோச்சுக்கு போன் பண்ணி, "பைனல் ஆடத் தயாருங்க சார்"னேன். அவர், "அவசரமில்லப்பா. பைனல் முடியட்டும். நீ நல்லா ரெஸ்ட் எடு"ன்னார்.

அம்மாகிட்ட அப்படியே சொன்னேன்.

"நொம்ப நல்ல மனுசன் சாமி. உன்ற காலு மேல எத்தன அக்கறை பாரு"ன்னு சொல்லிட்டு, தைலத்தை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. காலை நீட்டினேன்.

"இங்கயா கண்ணு வலிக்குது?"

ஆமான்னு சொன்னேன்.